கிறிஸ்துமஸ் மரத் தோட்டம்: வருஷத்துக்கு ஒரு மாச வேலைதானே?

கேள்வி, 2024 ஜூன் 1

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கிறவர்களுக்கு வருஷத்தில் ஒரு மாசம்தான் வேலையாமே? நம்ம ஊர் சவுக்குத் தோப்பு மாதிரி நட்டுவிட்டுத் தூங்கலாம், டிசம்பரில் வெட்டிக் காசு பார்க்கலாம் என்கிறார் நண்பர். ரெண்டு ஏக்கர் பார்த்து வைத்திருக்கிறாராம், என்னையும் கூட்டுச் சேரச் சொல்கிறார். யாருக்காவது நேரடி அனுபவம் உண்டா?

2024 ஜூன் 2, இரவு

உங்க நண்பரை இன்றைக்குக் காலையில் என்கூட அனுப்பியிருக்கலாம். ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் வரை காய் ஒடித்தேன்.

கிறிஸ்துமஸ் மரத்தில் காயா என்பீர்கள். நாங்கள் கிறிஸ்துமஸுக்காக வளர்க்கிற ஃப்ரேசர் ஃபர் மரத்தின் கூம்புக்காய் கீழே தொங்காது. மெழுகுவத்தி ஏற்றி வைத்தாற்போலக் கிளை மேல் நிமிர்ந்து நிற்கும். மே கடைசியிலும் ஜூனிலும் பிஞ்சாக இருக்கும்போதே கையால் ஒடித்துப் போட்டுவிட வேண்டும். விட்டால் மரத்தின் சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். முற்றியதும் செதில் செதிலாக உதிர்ந்து நடுக்குச்சி மட்டும் நிற்கும், மரம் அசிங்கமாகிவிடும். ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் பிடிக்கும். இதற்கு மெஷின் கிடையாது. மரத்துக்கு மரம் போய் நிற்க வேண்டியதுதான். கையெல்லாம் பிசின். சோப்புக்கு மசியாது, தேங்காய் எண்ணெய்க்கு மசியும். இந்த மலைக்கு நான் கொண்டுவந்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். மாமனார் இப்போது லாரியில் ஒரு பாட்டில் வைத்திருக்கிறார்.

நான் யாரென்று கேட்பீர்கள். நாகர்கோவில் பக்கம். சார்லட்டில் கம்ப்யூட்டர் வேலை. வட கரோலினாவின் வடமேற்கு மூலையில், ஆஷ் கவுண்டியில், 3,400 அடி உயரத்தில் மனைவி வீட்டாருக்கு எட்டு ஏக்கர் மரம். சனி, ஞாயிறு இரண்டும் எனக்கு அங்கேதான். "எம் பையன் வீட்டோட மாப்பிள்ளை இல்ல, வாரக் கடைசி மாப்பிள்ளை" என்று அம்மா ஊரில் சொல்லிச் சமாளிக்கிறாள்.

2024 ஜூன் 3

எத்தனை வருஷம், ஏக்கருக்கு எத்தனை மரம் என்று கணக்கு கேட்டிருக்கிறீர்கள். விதை போட்டு நாற்றங்காலில் நாலைந்து வருஷம். அதற்கப்புறம் வயலில் நட்டு ஏழடி வர ஏழெட்டு வருஷம். ஆக மொத்தம் பன்னிரண்டு. இந்த டிசம்பரில் வெட்டப்போகும் மரத்துக்கு விதை போட்டபோது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஐந்தடிக்கு ஐந்தடி இடைவெளி. ஏக்கருக்கு 1,742 மரம்.

2024 ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

1,742 என்று எழுதியது கால்குலேட்டர் கணக்கு. டிராக்டர் போக வழி விட வேண்டாமா என்று இங்கே ஒரு கோவைக்காரர் பிடித்துவிட்டார். வழி விட்டால் அதில் நூற்றுக்கணக்கில் குறையும். நட்டதெல்லாம் தேறுவதும் இல்லை. மான் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரிக்கும், எலி கடிக்கும், கோடையில் காயும். தேறினாலும் ஒரு பக்கம் சொட்டையாக நின்றால் யார் வாங்குவார்கள்?

விலை கேட்டவருக்கு: சொல்ல மாட்டேன். மாமனாருக்குத் தமிழ் தெரியாதுதான், இருந்தாலும்.

2024 ஜூன் 16

இன்றைக்குத் தந்தையர் தினம். மாமனாரைப் பேச வைக்க நல்ல சாக்கு. சாதாரணமாக ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

அவருடைய அப்பாவுக்குத் தொழில் பர்லி புகையிலை. கூடவே நாலைந்து மாடு. பால், வெஸ்ட் ஜெபர்சன் சீஸ் ஆலைக்குப் போகும். 1930இல் கிராஃப்ட் கம்பெனி திறந்த ஆலை அது, இன்றும் அந்த ஊரில் சீஸ் செய்கிறார்கள். பண்டிகைக்கு முன்னால் குடும்பத்தோடு காட்டுக்குப் போய் கேலக்ஸ் என்ற பளபளப்பான இலையைப் பறித்துக் கட்டுக் கட்டாக விற்பார்கள், நகரத்துப் பூக்கடைகளுக்கு. அதாவது மரத்துக்கு முன்னாலேயே இவர்கள் பச்சையை வெட்டி நகரத்துக்கு அனுப்பிப் பிழைத்தவர்கள்தான்.

1960களில், புகையிலைக்கு ஆகாத செங்குத்துச் சரிவில் மாமனாரின் அப்பா முதல் மரம் நட்டார். விதைக்கு ரோன் மலைக்குப் போயிருக்கிறார்கள். ஃப்ரேசர் ஃபர் இயற்கையாக வளர்வது தெற்கு அப்பலாச்சிய மலையின் சில உச்சிகளில் மட்டும்தான், ஏறக்குறைய 5,000 அடிக்கு மேலே. ஜான் ஃப்ரேசர் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் பெயரில் அழைக்கிறார்கள். காய் முற்றி உதிர்வதற்குள், அணிலுக்கு முந்திக்கொண்டு பறிக்க வேண்டும். மாமனார் சின்னப் பையனாகச் சாக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். "அணில்தான் ஜெயிச்சது" என்றார். அன்றைய நாற்பது வார்த்தை அதோடு முடிந்தது.

புகையிலை அதற்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தது. யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று கட்டுப்படுத்திய கோட்டா முறையை 2004இல் அரசு ஒழித்து, கோட்டா வைத்திருந்தவர்களுக்குப் பணம் கொடுத்து முடித்தது. அப்போதுதான் இவர்களும் விட்டார்கள். புகையிலை உலர்த்திய கொட்டகைதான் இப்போது கத்தியும் வலையும் வைக்கிற இடம். மழை நாளில் உள்ளே போனால் இன்னும் அந்த வாசனை வரும். மரத்தின் உயரம் பார்க்கிற அளவுகோல்கூட இரண்டு பழைய புகையிலைக் கம்பைச் சேர்த்து ஆணியடித்து, அடிக்கு ஒரு நிறம் பூசியது. தாத்தா செய்தது.

2024 ஜூலை 20

கவாத்து. மேலே காய் ஒடிப்பதைப் பற்றிப் புலம்பினேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது உட்கார்ந்து பூக் கட்டுகிற வேலை.

கூம்பு மாதிரி அடர்த்தியாகக் கடையில் நிற்கிற மரம் தானாக அப்படி வளர்வதில்லை. வருஷா வருஷம் ஜூலையில், முழங்கை நீளக் கத்தியை வீசி வீசிச் சுற்றிலும் சீவ வேண்டும். உச்சிக் குருத்தை ஓரடி சுமாருக்கு விட்டு வெட்டுவார்கள். இப்போது வெட்டினால்தான் வெட்டிய இடத்துக்குக் கீழே புது மொட்டு கட்டும், அடுத்த வருஷம் கிளை நெருக்கமாக வரும். வலது கையில் கத்தி, இடது காலில் தகட்டுக் கவசம். கவசம் எதற்கென்று முதல் வருஷம் கேட்டேன். மாமனார் பேசாமல் பேண்டை உயர்த்தி முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக் காட்டினார்.

என்னைச் சீவ விடுவதில்லை. பின்னால் வந்து தப்பிப் பிழைத்த கிளையைக் கத்தரிப்பதுதான் என் வேலை. சீவுவது மெக்சிகோவிலிருந்து எச்-2ஏ என்ற பருவகால விவசாய வேலை விசாவில் வருகிற ஆட்கள். நாலு சின்னத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே குழுவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அதில் ஒருவர் இந்தச் சரிவுக்கு இருபது வருஷமாக வருகிறார். எந்த மரம் போன வருஷம் எப்படி நின்றது என்பதுகூட அவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு வரிசையே குழம்பும்.

ஜூன் 16 குறிப்பைத் திரும்பப் படித்தேன். தாத்தா, மாமனார் என்று குடும்பக் கதையைப் பெருமையாக எழுதியிருக்கிறேன், இவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருடைய மகன் ஊரில் பொறியியல் படிக்கிறானாம். இந்த வேலைக்கு வர மாட்டான் என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம், தன் மகன் வராததைச் சொல்லும்போது மாமனார் முகத்தில் இல்லை.

2024 ஜூலை 21

ஒன்பது கொட்டு. மஞ்சள் குளவி மண்ணுக்குள் கூடு கட்டும், கத்தி வீசுகிற சத்தம் அதற்குப் பிடிக்காது. கத்தி வீசியவர் ஓடிவிட்டார். பின்னால் வந்தவன் மாப்பிள்ளை.

2024 ஆகஸ்ட் 11

"அழகுக்காகப் பன்னிரண்டு வருஷ மரத்தை வெட்டி ஒரு மாசத்தில் எறிவது பாவமில்லையா, பிளாஸ்டிக் மரம் வாங்கினால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கரும்பை வெட்டினால் பாவமா? இதுவும் பயிர்தான். வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த வசந்தத்திலேயே கன்று போட்டுவிடுவோம். அந்தப் பிளாஸ்டிக் மரம் பெரும்பாலும் சீனாவில் பிவிசியில் செய்தது. கட்டிட வேலைக்கு வாங்குகிற பைப்பும் அதே சரக்குதான்.

உண்மையான வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. காட்டில் இருக்கிற ஃப்ரேசர் ஃபர் அழிகிற நிலையில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு பூச்சி, பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தன்னைப் போர்த்திக்கொண்டு பட்டையில் ஒட்டிச் சாறு உறிஞ்சும். 1957இல் எங்கள் மாநிலத்து மிட்செல் மலையில் முதலில் கண்டுபிடித்தார்கள். உச்சியில் நரைத்த எலும்பு மாதிரி நின்ற செத்த மரங்களை நானே பார்த்திருக்கிறேன். கீழே எங்கள் சரிவில் கோடிக்கணக்கில்...

கோடி என் வாய்க்கு வந்தது. எங்களிடம் சில ஆயிரம். மாநிலம் முழுக்க என்றால் கோடிக்கணக்கு சரிதான். வெட்டுகிற எண்ணிக்கையில் ஒரிகனுக்கு அடுத்த இடம் வட கரோலினாவுக்கு, வட கரோலினாவுக்குள் முதல் இடம் ஆஷ் கவுண்டிக்கு. 2023இல் வெள்ளை மாளிகை நீல அறையில் நின்ற மரம் எங்கள் கவுண்டியின் ஃப்ளீட்வுட்டில் வளர்ந்தது. எங்கள் தோட்டத்து மரம் இல்லை. பொறாமை உண்டு.

2024 ஆகஸ்ட் 12

கிறிஸ்துமஸ் மரம் பைபிள் காலத்து வழக்கமா என்று கேட்டவருக்கு: இல்லை. ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்தது. நியூயார்க்கில் 1851இல்தான் மார்க் கார் என்பவர் கேட்ஸ்கில் மலையிலிருந்து மரம் வெட்டி வண்டியில் கொண்டுவந்து தெருவில் விற்றார். அதெல்லாம் காட்டு மரம். விற்கவென்றே நட்டு வளர்த்தது அதற்கும் பிறகு. நியூஜெர்சியில் 1901இல் 25,000 கன்று வைத்த தோட்டத்தைத்தான் முதலாவது என்பார்கள். ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்கூடத் தன் ஊரான ஹைட் பார்க்கில் கிறிஸ்துமஸ் மரம் வளர்த்து விற்றார்.

எங்க வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளைதான். டிசம்பர் 20 வாக்கில் அப்பா சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவார், மண் நிரப்பின பக்கெட்டில் நட்டு பஞ்சு ஒட்டுவோம். ஜனவரிக்குள் வீடெல்லாம் ஊசி உதிர்ந்துவிடும். ஃப்ரேசர் ஃபர் ஊசி மாசக் கணக்கில் உதிராது, அதனால்தான் அதற்கு இந்த மவுசு. மாமனாரிடம் சவுக்குக் கிளை படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கவாத்து பண்ணலையா?" என்றார்.

2024 செப்டம்பர் 8

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். ரெண்டு ஏக்கர் வாங்கப்போகிறவர் மறுபடி கேட்டதால் எழுதுகிறேன்.

ஓடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சமதரை உண்டு. சரிவில் ஏறி இறங்கி முட்டி தேய்கிறதே, இவ்வளவு நல்ல சமதரையைப் புல்லுக்கு விட்டிருக்கிறார்களே என்று 2019இல் நான்தான் யோசனை சொன்னேன். 600 கன்று. என் காசு. மூன்று வருஷம் ஜோராக வந்தது. நாலாவது வருஷம் ஓரத்தில் ஒரு மரம் வெளிறியது, அப்புறம் செம்பட்டை அடித்தது. அடுத்து அதன் பக்கத்து மரம். தண்ணீர் போகிற பாதையைக் கோடு போட்டுக் காட்டின மாதிரி வரிசையாகச் செத்தது. வேரைப் பிடுங்கிப் பார்த்தால் பழுப்பு நிறம், விரலால் உருவினால் தோல் கையோடு வந்தது. ஃபைட்டோஃப்தோரா. வேரழுகல். தண்ணீர் வடியாத மண்ணில் வரும். வந்துவிட்டால் மருந்து கிடையாது, போகவும் போகாது, வருஷக் கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். ஜப்பானிய மோமி ஃபர் வேரில் ஃப்ரேசரை ஒட்டுக் கட்டினால் தாங்கும், ஆனால் ஒட்டுக் கன்று விலை நமக்குக் கட்டுபடியாகாது. 600இல் மிஞ்சியது 40. அதையும் நம்பவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம், 1980களில் மாமனாரே அதே இடத்தில் நட்டு அதே நோயில் இழந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாப்பிள்ளை பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டாரா? சொல்லித் தொலைத்திருக்கலாமே.

2024 செப்டம்பர் 9

மேலே எழுதியது தப்பு. அத்தையிடம், அதாவது மாமியாரிடம், புலம்பினேன். மாமனார் சொன்னாராம். கொட்டகை வாசலில் நின்று, அந்த மண் ஆகாது என்று சொன்னாராம். நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேனாம், தலையை மட்டும் ஆட்டினேனாம். அவர் எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ஆள் இல்லை.

இன்னொரு திருத்தம். அந்த அளவுகோல் தாத்தா செய்தது இல்லை. கல்யாணமான புதிதில் அத்தை செய்தது, நிறம் பூசியதும் அத்தைதான். மாமனார் கண்ணாலேயே அளந்து எப்போதும் அரையடி கூட்டிச் சொல்வாராம். "தாத்தா செய்ததுன்னு உனக்கு யார் சொன்னது?" என்று அத்தை கேட்டார். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

2024 அக்டோபர் 6

விசாரித்த எல்லாருக்கும் நன்றி. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

செப்டம்பர் 27 வெள்ளிக்கிழமை ஹெலீன் புயல். கடலோரத்தில் பிறந்த எனக்கு, கடலிலிருந்து இத்தனை தூரத்தில் ஒரு மலைக்குப் புயல் வரும் என்று தோன்றியதே இல்லை. அதற்கு முந்தின இரண்டு நாளும் மழை கொட்டி மண் ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. வெள்ளி காலையிலிருந்து போன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் என்னால் போய்ச் சேர முடிந்தது, அதுவும் சுற்றிச் சுற்றி. நியூ ரிவர் ஓரத்துச் சாலையில் பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. வீட்டுக்கு ஏறும் மண்பாதையில் ஆள் உயரப் பள்ளம். மாமனார் அதற்குள் நின்று மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னொரு மண்வெட்டி கொட்டகையில்" என்றார்.

மேற்குச் சரிவில் ஒரு துண்டு அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிட்டது. முந்நூறு மரம் போயிருக்கும், பாதிக்குமேல் இந்த வருஷம் வெட்ட நாடா கட்டியவை. மற்றதெல்லாம் நிற்கிறது. காற்றுக்கு ஃப்ரேசர் அசையவே இல்லை. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்த மான் கறி கெடுவதற்குள் அக்கம்பக்கம் எல்லாரும் கொட்டகை வாசலில் சுட்டுத் தின்றோம். அந்த இருபது வருஷக்காரர் தங்குமிடத்திலிருந்து நடந்தே வந்து மூன்று நாள் எங்களோடு பாதை போட்டார்.

ஓடையோரச் சமதரை முழுக்க முழங்கால் உயரம் சேறு. "அங்கே மரம் இருந்திருந்தால் போயிருக்கும்" என்றேன். "அதுதான் ஏற்கெனவே போச்சே" என்றார் மாமனார். இந்த ஐந்து வருஷத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

2024 நவம்பர் 10

மொத்த வியாபார வெட்டு முடிந்தது. இந்த வருஷம் பாதிச் சரக்குதான் போனது. வழக்கமாக எடுக்கிற ஒருவர், மலையில் எல்லாமே அடித்துப் போயிருக்கும் என்று தானாகவே முடிவு பண்ணி வேறு மாநிலத்தில் வாங்கிவிட்டாராம். ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

அத்தை கீழ்க்கிளைகளை வெட்டி இரும்பு வளையத்தில் கட்டி, வாசலில் மாட்டுகிற பச்சை வளையம் செய்கிறார். வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாரு மக்கா செத்தது?" என்று பதறிவிட்டாள். நம்ம ஊரில் வளையம் என்றால் அதற்குத்தானே.

2024 டிசம்பர் 1

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த வெள்ளி, சனி. குடும்பமாக வந்து தாங்களே தேர்ந்தெடுத்து வெட்டிப்போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள்தான் திருவிழா. கூட்டம் வராது என்று பயந்தோம். சனிக்கிழமை மண்பாதையில் கார் வரிசை சாலை வரை நின்றது. எங்கள் வேலை ஓடி ஓடி ரம்பம் கொடுப்பது, மரத்தைக் குலுக்கும் மெஷினில் வைத்து உதிரியைக் கொட்டுவது, வலைக்குள் இழுத்துச் சுருட்டி கார் மேல் கட்டுவது. மகளுக்கு ஒன்பது வயசு. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். ஏழடிக்கு அரை அங்குலம் குறைந்தாலும் ஆறடி விலைதான் என்று கறாராகச் சொல்லி, எங்களுக்கு நல்ல நஷ்டம் பண்ணினாள்.

ஒரு பாட்டி நேராக மேற்குச் சரிவைக் காட்டி, எங்கள் குடும்பம் எப்போதும் அங்கேதான் வெட்டும் என்றார். அங்கே இப்போது வெறும் செம்மண். மாமனார் அவரை மெதுவாக மண்சரிவின் விளிம்பு வரை கூட்டிப்போய்க் காட்டினார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அந்த விளிம்பிலேயே ஒரு மரத்தை அந்த அம்மா எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் சொட்டை. "சுவர்ப் பக்கம் திருப்பி வெச்சுக்கறேன்."

2024 டிசம்பர் 8

ரெண்டு ஏக்கர் கேட்டவருக்கு: வேண்டாம். நண்பரையும் தடுங்கள். 2008இல் பணம் இறுகினபோது பலர் நடவைக் குறைத்தார்கள். அதன் விளைவு 2016, 2017இல் மரத் தட்டுப்பாடாக வந்தது. அதற்கு முன்னால் ஆளாளுக்கு நட்டு விலை சரிந்ததும் உண்டு. பன்னிரண்டு வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்று எட்டிப் பார்க்க யாராலும் முடியாது.

மாமனாருக்கு 74 வயசு. மார்ச் நடவுக்கு 800 கன்று ஆர்டர் கொடுத்திருக்கிறார். இந்தச் சேதத்துக்கு அப்புறமும் அவ்வளவா என்று அத்தையிடம் கேட்டேன், நெகிழ்ச்சியாக ஏதாவது சொல்வார் என்று நினைத்து. "முன்பணம் போன வருஷமே கட்டியாச்சு, திருப்பித் தர மாட்டான்" என்றார்.

2024 டிசம்பர் 14

டாலஸ்காரர் மரம் ஒரே வாரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது என்கிறார். வாங்கி வந்ததும் அடியில் அரை அங்குலம் வட்டமாக அறுத்தீர்களா? வெட்டின இடம் சில மணி நேரத்தில் பிசின் கட்டி அடைத்துவிடும், அறுக்காமல் வைத்தால் குடிக்காது. முதல் நாளே நாலு லிட்டர்கூட இழுக்கும், தொட்டி காய விடக் கூடாது. சர்க்கரை, ஆஸ்பிரின், சோடா எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். ஹீட்டர் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். இனி அறுக்க வேண்டுமென்றால் விளக்கையெல்லாம் கழற்ற வேண்டும், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும்.

ஜனவரியில் குப்பையில் போடாதீர்கள். பக்கத்தில் யாராவது ஆடு வளர்த்தால், மருந்து ஏதும் தெளிக்காத மரம்தானா என்று கேட்டுக்கொண்டு, அலங்காரமெல்லாம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் ஜனவரி முழுக்க விற்காத ஃப்ரேசர்தான் தின்னும். பிசினைப் பற்றி அவை இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.